வெத்தலை இல்லாத வெத்தலைப்பாக்கு

வெளிநாட்டுக்கு போற மிஷனரிங்க தனிமையிலயே காலம் தள்றாங்கன்னு கட்டுரையில எழுதிருக்கீங்க, பாதி தான் சரி. எங்க சித்தி கன்னியாஸ்திரி, நாகர்கோவில் பக்கம், பாப்புவா நியூ கினியில கொரோக்கா மலைப்பகுதியில 9 வருஷம் இருந்தாங்க. போன புதுசுல சந்தையில எல்லார் வாயும் ரத்தச் சிவப்பா இருக்கறத பாத்து நடுங்கிட்டாங்களாம், அப்புறம் பாத்தா நம்ம பாக்கு தான்! அங்க புவாய்னு பேரு, வெத்தலை இலை போட மாட்டாங்க, அந்தக் கொடியில காய்க்கற பச்சைத் திரி மாதிரி ஒண்ண சுண்ணாம்புல தொட்டு கடிப்பாங்க.

அந்த நாட்டுல 800 மொழிக்கு மேல இருக்கு, பொதுவா பேசறது டோக் பிசின். அதுல பாலுக்கு சூசூன்னு பேராம், டீயில சூசூ ஊத்தவான்னு ஒரு அம்மா கேட்டதும் சித்தி சிரிப்ப அடக்க முடியாம வெளிய ஓடிட்டாங்க (நம்ம வீட்டு குழந்தைங்க சூசூன்னா என்னன்னு சொல்லணுமா). அப்புறம் வான்டோக்குன்னு ஒண்ணு, அதாவது ஒரே மொழி பேசறவன், அவன் எந்நேரம் வந்து நின்னாலும் சோறு படுக்கை குடுத்தே ஆகணும். நம்மூர்ல மூட்டையோட வந்து இறங்கற சொந்தக்காரன் தான், வேற என்ன.

தனிமை இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, முக்கியமா கிறிஸ்மஸ் ராத்திரி. ஆனா இப்ப ஊருக்கு வந்தப்புறம் பாட்டி வெத்தலைப் பெட்டிய நீட்டினா இவங்க இலைய ஒதுக்கிட்டு பாக்க மட்டும் எடுக்கறாங்க, பாட்டிக்கு வர்ற கோவத்த பாக்கணுமே!