நாற்பது நிமிடத்தில் பார்த்துவிடுகிற ஊரா இது?

சென்னை ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்த்து ஒருவர் போட்ட வீடியோவை நேற்றிலிருந்து ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். பார்த்தேன். மேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பாரிமுனையில் இறங்கி நாற்பது நிமிடம் நடந்துவிட்டு, ஜார்ஜ் டவுனில் குப்பையும் ஹாரன் சத்தமும்தான், பார்க்க ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார். ஓரிடத்திலாவது நின்றாரா? நிற்காமல் நடந்தால் எந்தத் தெருவும் கண்ணில் படாது.

அவர் கிளம்பிய டேர் ஹவுஸ் கட்டட மூலையிலேயே ஒரு கல்தூண் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் நம்ம ஆட்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை வெள்ளைக்காரர்கள் இடித்து வெட்டவெளியாக்கிவிட்டு, அதற்கு எல்லையாக 1773ல் நட்டது. இன்று ஐகோர்ட் நிற்கிற இடத்தில் இருந்த கோயிலும் அந்த இடிப்பில் போனதுதான். பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் இருக்கிற சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீஸ்வரரும் அதற்குப் பதிலாகக் கட்டிய கோயில்கள். இதெல்லாம் நின்று பார்த்தால்தானே தெரியும்!

என் அப்பா கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஒரு மண்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதினார். பள்ளி லீவில் நான் சாப்பாடு கொண்டுபோவேன், சாயங்காலம் இருவரும் நடந்தே மண்ணடிக்குத் திரும்புவோம். "அரண்மனைக்காரத் தெருவுல அரண்மனை எங்கப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். ஆர்மீனியன் என்ற பேர்தான் நம்ம வாயில் அப்படி ஆகிவிட்டது என்று சொல்லி, 1772ல் கட்டிய அந்த ஆர்மீனிய தேவாலயத்துக்குள் கூட்டிப்போய், கல்லறைக் கல்லில் வெட்டியிருந்த புரியாத எழுத்துகளின் பள்ளத்தில் என் விரலை வைத்து ஓட்டிக் காட்டினார். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794ல் இதே சென்னையில் நடத்திய பாதிரியார் அங்கேதான் புதைந்திருக்கிறார்.

பெண்கள் தனியாக நடக்க முடியுமா, ஒதுங்க ஓர் இடம் உண்டா என்று வீடியோவுக்குக் கீழே சிலர் கேட்கிறீர்கள். அது நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. என் தங்கையே மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவாள். ஆனால் கைடு வைத்துப் போக வேண்டியதுதானே என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வழியில் பூக்கட்டுகிற அம்மாவிடம் கேட்டால் கந்தகோட்டம் முருகன் கோயிலுக்கு வழி சொல்வார், கூடவே வள்ளலார் அங்கே பாடிய கதையையும் சொல்வார். கேட்கத்தான் மனசு வேண்டும்.

"அங்கெல்லாம் மனுஷன் இருப்பானா" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு நூறு பேர் சிரித்திருக்கிறார்கள். நாங்கள் இருக்கிறோம் சார். மூன்று தலைமுறையாக இருக்கிறோம்.

வீடியோ முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மண்டி வாசல் வருகிறது. மீன்பாடி வண்டியிலிருந்து மூட்டை இறக்குகிறவரைப் பார்த்து "வழிய விடுய்யா" என்று கத்திவிட்டு கேமராவைத் திருப்பிக்கொள்கிறார். அந்த வாசலில்தான் அப்பா தினமும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவார்.