மாட்டுக்குப் பானைப் பொங்கலை ஊட்டாதீர்கள்

மாட்டுப் பொங்கல் வருகிறது. கொம்புக்கு வண்ணம் பூசுங்கள், நெட்டி மாலை போடுங்கள், நன்றாகக் கொண்டாடுங்கள். ஆனால் பானையில் பொங்கியதை அப்படியே கொண்டுபோய் மாட்டுக்கு ஊட்டாதீர்கள். சாமிக்குப் படைத்ததில் ஒரு கைப்பிடி போதும். வருடா வருடம் சொல்கிறேன், இந்த முறை ஏன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு பசு இருந்தது. ஒரு கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றை வீணாகப் போகிறதே என்று அண்டாவோடு கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தோம். ஆசையாகத் தின்றது. மறுநாள் எழுந்திருக்கவில்லை, அசைபோடவில்லை. சாணி தண்ணீராக, சாம்பல் நிறத்தில், புளித்த மாவு வாடையோடு போயிற்று. மாட்டு டாக்டர் வந்து இடது விலாவில் முஷ்டியை வைத்து அழுத்தினார். உள்ளே குடத்துத் தண்ணீர் மாதிரி சளசளவென்றது. "சோறு போட்டீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

‘அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு’ என்று நெல்லைப் பற்றிச் சொல்வார்கள். நுனியிலிருக்கும் அரிசியின் ஸ்டார்ச்சும், நடுவிலிருக்கும் வைக்கோலின் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸை மணிமணியாகக் கோத்த சங்கிலிகள்தான். கோத்த விதம் வேறு. ஸ்டார்ச்சில் எல்லா மணியும் ஒரே பக்கம் பார்க்கும், சங்கிலி சுருண்டுகொள்ளும். செல்லுலோஸில் ஒவ்வொரு மணியும் முந்தைய மணிக்குத் தலைகீழாகத் திரும்பி நிற்கும். அதனால் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு சேர்ந்து கட்டுக்கட்டாக இறுகிவிடும். இதை வெட்டும் நொதி (என்சைம்) நம் உடம்பிலும் கிடையாது, மாட்டின் உடம்பிலும் கிடையாது.

வெட்டுவதெல்லாம் அசையூண் வயிற்றில், அதாவது மாட்டு வயிற்றின் முதல் பெரிய அறையில், குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அதில் ருமினோகாக்கஸ் ஃபிளேவிஃபேசியன்ஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. அது நொதிகளைச் சும்மா வெளியே விடுவதில்லை. புரதத்தாலான ஒரு நீண்ட கயிறு, அதில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு நொதி கச்சிதமாகப் பொருந்தி நிற்கிறது. கயிற்றின் ஒரு முனை பாக்டீரியாவின் உடம்போடு பிணைந்திருக்கும், இன்னொரு பக்கம் வைக்கோலைப் பற்றிக்கொள்ளும். செல்லுலோசோம் என்று இதற்குப் பெயர். எட் பேயர், ரஃபேல் லாமெட் என்ற விஞ்ஞானிகள் 1983-இல் இதை முதலில் விவரித்தது வெப்பத்தில் வாழும் வேறொரு பாக்டீரியாவில். மாட்டு வயிற்றில் இருப்பதும் அதே ஏற்பாடுதான், இன்னும் சிக்கலாக.

ஒரு நொதியின் நடுவில் திறந்த பள்ளம் இருக்கும். சங்கிலியின் எந்த இடத்திலும் உட்கார்ந்து நடுவே வெட்டிவிடும். இன்னொன்றில் பள்ளத்துக்குப் பதிலாகச் சுரங்கம். அறுந்த முனை அதற்குள் நுழைய, இரண்டிரண்டு மணியாகக் கத்தரித்துக்கொண்டே போகும். அந்த இரட்டை மணியைப் பிரிக்கத் தனியாக இன்னொரு நொதி. கிடைத்த சர்க்கரையைப் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து அசெட்டிக் அமிலம் போன்றவற்றை வெளியே விடுகின்றன. மாடு வாழ்வது அதில்தான். பாலில் கொழுப்பு கட்டுவதும் அதில்தான்.

இப்போது இந்த இடத்தில் ஓர் அண்டா சோறு விழுந்தால்? ஸ்டார்ச்சை வேகமாகத் தின்னும் வேறு பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. அமிலம் ஏற ஏற பி.எச். என்ற அளவு இறங்கும். வழக்கமாக 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும் அது 6-க்குக் கீழே போனாலே வைக்கோலை வெட்டும் பாக்டீரியாக்கள் தளர்ந்துவிடும். 5-க்கும் கீழே போனால் மாட்டின் உயிருக்கே ஆபத்து. பொங்கல், இட்லி மாவு, கோவில் அன்னதானத்தில் மிஞ்சியது, எல்லாம் ஒரே கணக்குதான். பாசத்தில் கொடுக்கிறோம் என்பது எனக்கும் தெரியும், நாங்களும் அப்படித்தான் கொடுத்தோம். அன்றைக்கு மாட்டுக்கு விருந்து வைக்க வேண்டுமானால் நல்ல பசும்புல் ஒரு கட்டு அறுத்துப் போடுங்கள். தப்பித் தவறி நிறையத் தின்றுவிட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

செவலைக்கு டாக்டர் குழாய் விட்டு வயிற்றைக் கழுவி, சோடா உப்புக் கரைசல் கொடுத்தார். அப்புறம் பக்கத்து வீட்டுப் பசுவின் வயிற்றிலிருந்து கொஞ்சம் நீரை எடுத்து இதற்குள் ஊற்றினார். "உள்ள இருந்த பூச்சியெல்லாம் செத்துப்போச்சும்மா, புதுசாக் குடியேத்தணும்" என்று அம்மாவிடம் சொன்னார். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஒரு பிடி வைக்கோல் போட்டோம். மெதுவாகத் தின்றது. இருட்டின பிறகு லாந்தரைத் தூக்கிப் பார்த்தால், கழுத்தில் ஒரு உருண்டை மேலே ஏறியது. தாடை அசைய ஆரம்பித்தது. அம்மா தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.