மெக்கார்மக் ஓபரா மேடையில் பாடியவரே
"ஜான் மெக்கார்மக் ஐரிஷ் நாட்டுப்பாடல்களால் மட்டுமே புகழ்பெற்றவர்; ஓபரா மேடை ஏறியதே இல்லை" என்று சொல்லப்படுவது தவறு. அயர்லாந்தின் அத்லோனில் 1884இல் பிறந்த அவர், மிலானில் சபாத்தினியிடம் குரற்பயிற்சி பெற்று, 1906இல் சவோனா நகரில் ஜொவான்னி ஃபோலி என்ற இத்தாலியப் பெயரில் ஓபராவில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டே லண்டனின் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் 'கவல்லேரியா ருஸ்திகானா' என்ற ஓபராவின் நாயகன் துரித்துவாகப் பாடினார். 1909இல் நியூயார்க்கிலும், 1911இல் ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பாவின் ஓபராக் குழுவோடு ஆஸ்திரேலியாவிலும் பாடினார். பிற்காலத்தில் அவர் பெரும்பாலும் கச்சேரிகளிலேயே பாடினார் என்பது உண்மைதான். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆயினும், 1916இல் அவர் பதிவு செய்த மொசார்ட்டின் 'இல் மியோ தெசோரோ' என்ற ஓபராப் பாடலை அன்புகூர்ந்து ஒருமுறை கேளுங்கள்: நடுவே வரும் அந்த நீண்ட சுரக்கோவையை, இடையில் மூச்சு வாங்காமல், ஒரு சுரமும் மங்காமல் பாடி முடிக்கிறார்.