உலகத்தில் ஒன்று, மேட்ச்சில் ஏழு

(மருமகன் முதல் உலகப்போரை வைத்துச் செய்த ‘பேட்டில்ஃபீல்ட் 1’ என்ற வீடியோ கேமை ஆடிக்கொண்டிருக்கிறான். முதல் உலகப்போர் பற்றி எது கிடைத்தாலும் படித்துவிடும் மாமா பின்னால் வந்து நிற்கிறார்.)

மாமா: நிறுத்துடா! இப்போது அகழிக்குள் ஓடினானே, அவன் கையில் என்ன துப்பாக்கி?

மருமகன்: பர்ட்டன் எல்.எம்.ஆர். என் கையிலும் அதுதான் மாமா.

மாமா: உன் கையிலுமா? அது 1917-ல் வின்செஸ்டரில் செய்து பார்த்த மாதிரித் துப்பாக்கிடா. வானத்தில் பலூனைச் சுடுவதற்காக. படைக்குப் போகவே இல்லை. உலகத்திலேயே ஒன்றே ஒன்று!

மருமகன்: இந்த மேட்ச்சில் ஏழு இருக்கிறது மாமா.

மாமா: மீதி ஆறும் ஜெராக்ஸா?

மருமகன்: சுட்டால் ஒரிஜினல் மாதிரியேதான் செத்துப்போகிறார்கள்.

மாமா: அதோ, டிரம் மாட்டிய துப்பாக்கியோடு ஒருத்தன் குதிக்கிறானே?

மருமகன்: ஹெல்ரீகல். ஆஸ்திரியாக்காரன் 1915-ல் செய்தது. செம துப்பாக்கி!

மாமா: செய்தான், போட்டோ எடுத்தான், அதோடு சரி. இன்றைக்கு மிஞ்சியிருப்பதே அந்த இரண்டு மூன்று போட்டோதான். குழாயைச் சுற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும். 160 தோட்டா டிரம்மைச் சுமக்க இன்னொரு ஆள் வேண்டும். இவன் தனியாகத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறுகிறான்!

மருமகன்: அந்த இன்னொரு ஆளாக யார் ஆடுவது மாமா? காசு கொடுத்து கேம் வாங்கி, ராத்திரி முழுக்க டிரம் பிடித்துக்கொண்டு நிற்பதா?

மாமா: வரலாறு என்றால் அப்படித்தான். நிறையப் பேர் டிரம்தான் பிடித்தார்கள்.

மருமகன்: சரி, இந்த ஹுவோ துப்பாக்கி?

மாமா: கனடாக்காரன் ராஸ் ரைஃபிளைப் பிரித்து மேய்ந்து செய்தது. இதுதான் நல்லது என்று முடிவுக்கு வருவதற்குள் போர் முடிந்துவிட்டது. அதையும் வைத்திருக்கிறார்களா? அது கிடக்கட்டும், பிரெஞ்சுக்காரன் எங்கேடா? ஒருத்தனையும் காணோமே?

மருமகன்: அவர்களுக்குத் தனிக் காசு.

மாமா: என்னது?

மருமகன்: 2016-ல் கேம் வந்தபோது பிரெஞ்சுப் படை கிடையாது. 2017 மார்ச்சில்தான் டி.எல்.சி.யாக, அதாவது தனியாகக் காசு கட்டி வாங்கும் கூடுதல் பகுதியாக விட்டார்கள். நான் வாங்கிவிட்டேன், அடுத்த மேப்பில் வருவார்கள்.

மாமா: சண்டையில் பெரும்பகுதி அவன் வயற்காட்டில் நடந்தது. 13 லட்சத்துக்கு மேல் சிப்பாய்களைப் பறிகொடுத்தான். அவனுக்குத் தனி பில்லா?

மருமகன்: அதே டி.எல்.சி.யில் பிரெஞ்சுக்காரனின் ஷோஷா துப்பாக்கியும் வந்தது மாமா.

மாமா: (முகம் மலர்ந்து) ஷோஷா! அதுதான்டா துப்பாக்கி. இரண்டரை லட்சம் செய்தார்கள். சைக்கிள் செய்துகொண்டிருந்த கம்பெனியே செய்தது. எத்தனை பேர் வைத்திருக்கிறான்?

மருமகன்: யாரும் எடுக்க மாட்டார்கள். கட்டை வண்டி மாதிரி, டக்... டக்... என்று சுடும்.

மாமா: கொடு இங்கே. எது பட்டன்?

(மாமா சேற்றுக் குழியில் விழுகிறார், எழுகிறார், மறுபடி படுக்கிறார். சுடுகிறார்.)

மருமகன்: மாமா, இரண்டு பேர் காலி! சூப்பர்!

மாமா: என்ன சூப்பர்? இது ஏன்டா சுடும்போது நடுவில் சிக்கி நிற்கவே இல்லை?

மருமகன்: சிக்க வேண்டுமா?

மாமா: பின்னே? இதன் மேகசின் அரைவட்டமாக இருக்கும். எத்தனை தோட்டா பாக்கி என்று பார்க்கப் பக்கவாட்டில் திறந்தே விட்டிருப்பான். சேறு நேராக உள்ளே போகும். இவ்வளவு நேரம் எருமை மாதிரி உருண்டிருக்கிறேன், இன்னும் சுடுகிறதே!

மருமகன்: இந்த கேமில் எந்தத் துப்பாக்கியும் சிக்காது மாமா. எழுந்திருங்கள், எதிரி வருகிறான்!

மாமா: இரு, இன்னொரு தடவை உருண்டு பார்க்கிறேன்.

(மாமா சுடப்படுகிறார்.)

மாமா: யாருடா அது?

மருமகன்: ஹெல்ரீகல்காரன்.

மாமா: செல்லாது! போருக்கே போகாத துப்பாக்கி சுட்டு நான் எப்படிச் சாவேன்?

மருமகன்: பொறுங்கள், மெடிக் ஓடி வருகிறான். ஒரு ஊசி குத்தினால் எழுந்துவிடுவீர்கள்.

மாமா: முதல் உலகப்போரில் ஊசி போட்டுச் செத்தவனை எழுப்பினார்களா? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

மருமகன்: அப்படியென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

மாமா: ...எவ்வளவு தூரத்தில் வருகிறான்?