ஆல்புகெர்க்கி பேட்டிங்கை அப்படியே நம்பலாமா?

அமெரிக்க பேஸ்பால் அணி கொலராடோ ராக்கீஸின் ட்ரிபிள்-ஏ (மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே) கிளை அணியான ஆல்புகெர்க்கியில் .320 சராசரியில் (ஆயிரம் முயற்சிக்கு 320 ஹிட்) அடிக்கும் பையனை உடனே டென்வரில் உள்ள முதன்மை அணிக்கு அழைக்க வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. அவசரம் வேண்டாம். ஆல்புகெர்க்கி மைதானம் கடல் மட்டத்துக்கு மேல் 5,000 அடிக்கும் அதிக உயரம். காற்று மெலிசு, சாதாரண ஃப்ளை பால்கூட (உயரத் தூக்கி அடித்த பந்து) வேலி தாண்டும். அதே லீகில் ரீனோவும் லாஸ் வேகஸும் அவ்வளவு உயரம் இல்லாவிட்டாலும் பேட்டருக்குச் சாதகமான மைதானங்களே. உள்ளூர், வெளியூர் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். சராசரியை விட்டுவிட்டு ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), வாக் (நான்கு தவறான பந்தால் இலவசமாக முதல் பேஸ்) இரண்டையும் தனித்தனியே மொத்த பிளேட் அப்பியரன்ஸால் (பேட் பிடிக்க வந்த முறைகள்) வகுங்கள். ஸ்ட்ரைக் அவுட் 30 சதவீதம் தாண்டினால் மேலே போனதும் திணறுவார் என்பது என் கணிப்பு. இன்னும் ஒரு படி கீழான டபுள்-ஏ கிளை அணி ஹார்ட்ஃபோர்டில் என்ன செய்தார் என்பதே எனக்குப் பெரிய சாட்சி.

தினமும் ஸ்கோர் பார்ப்பவர்களுக்கு ஒன்று: 2021 முதல் இந்த லீகில் பொதுவாக ஒரே எதிரணியோடு தொடர்ந்து ஆறு ஆட்டம்; இப்போது பெரும்பாலும் செவ்வாயில் தொடங்கி ஞாயிறு வரை, திங்கள் ஓய்வு. ஒரு மோசமான வாரம் என்பது ஒரே பவுலிங் கூட்டத்திடம் மாட்டியதாகவும் இருக்கலாம். மழையில் நின்று மறுநாள் தொடரும் ஆட்டம், தொடங்கிய தேதியின் பாக்ஸ் ஸ்கோரில்தான் (ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியல்) ஏறும். நேற்று 3 ஹிட் எங்கே என்று தேடுகிறவர்கள் முந்தைய நாளைத் திறந்து பாருங்கள்.