பாஸ்டர் தேர்தலில் நின்றால் சபையின் வரிவிலக்கு போகுமா?

"அமெரிக்காவில் பாஸ்டர் தேர்தலில் நிற்கணும்னா ஊழியத்தை ராஜினாமா செய்யணும், இல்லாவிட்டால் சபைக்கு வரிவிலக்கு ரத்து" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு.

வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்று 1954-இல் வந்த ஜான்சன் திருத்தம் (வரிச்சட்டத் திருத்தம்) கட்டுப்படுத்துவது சபை என்ற அமைப்பை, பாஸ்டர் என்ற ஆளை அல்ல. போதகர்கள் பதவிக்கு நிற்கத் தடை போட்ட டென்னசி சட்டத்தை 1978-லேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. ரஃபேல் வார்னாக் செனட்டரான பிறகும் அட்லாண்டாவின் எபனேசர் பாப்டிஸ்ட் சபைக்குப் பாஸ்டராகவே இருக்கிறார்.

சிக்கல் வருவது சின்னச் சின்ன இடங்களில்தான். சபையின் லெட்டர்ஹெட், ஜெராக்ஸ் மெஷின், சம்பளத்துக்கு இருக்கும் ஆபீஸ் ஆள், இவற்றில் எதையும் பிரசாரத்துக்குத் தொடக்கூடாது. உறுப்பினர் முகவரிப் பட்டியலை ஒரு வேட்பாளருக்கு வாடகைக்குக் கொடுத்தால், அதே கட்டணத்தில் எதிராளி கேட்டாலும் கொடுக்க வேண்டும். ஹாலுக்கும் அதே கதைதான். "சபைப் பத்திரிகையில் என் பக்கத்துக்கு ஆன அச்சுச் செலவை நானே கட்டிட்டேன்" என்பதும் எடுபடாது. பத்திரிகை அமைப்பினுடையது, அதில் ஆதரவு கேட்டால் கேட்டது அமைப்புதான்.

பிரசங்க மேடையிலிருந்து ஆதரவு சொல்வது வேறு விவகாரம். 2025 ஜூலையில் வரித்துறையே ஒரு வழக்கில் தளர்வான நிலைப்பாடு எடுத்தது. ஆனால் அது சபையாரிடம் ஆராதனையில் பேசும் பேச்சைப் பற்றியது, காணிக்கைப் பணத்தைப் பற்றியது இல்லை.

வாக்காளர் பதிவு முகாம், வீட்டு வாடகைப் போராட்டம் எல்லாம் கட்சி, வேட்பாளர் சார்பில்லாமல் நடந்தால் தாராளமாகச் செய்யலாம்.