காற்று வீசியது என்று விவிலியமே சொல்கிறதே

போன வாரம் எங்கள் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில், கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான்: "செங்கடல் பிரிஞ்சது காத்து அடிச்சதாலதான்னு சொல்றாங்களே, அப்போ அது கடவுள் செஞ்ச புதுமை இல்லையா?" விசுவாசம் இல்லாதவன் கேட்கிற கேள்வி என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

இஸ்ரயேல் மக்கள் மோசேயோடு எகிப்திலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்கிற விடுதலைப் பயணம் நூலில் 14:21-ஐ எடுத்து வாசியுங்கள். இரவு முழுக்கக் கீழைக்காற்று பலமாக வீசியது என்று அங்கேயே இருக்கிறது. மோசே கோலை நீட்டியதைப் பிரசங்கத்தில் கேட்கிறோம். காற்றை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

கடற்கரைக்காரனுக்கு இது புரியாத விஷயமா? கொண்டல் என்கிற கீழைக்காற்று விடாமல் அடிக்கிற நாளில் மணக்குடிக் காயலின் கீழ்க்கரையில் தண்ணீர் நாலு விரல் இறங்கி, சேற்றில் நண்டு வளை தெரியும். சின்ன வயதில் அப்பா காட்டியிருக்கிறார். 2010-ல் கார்ல் ட்ரூஸ், வெய்சிங் ஹான் என்ற இரண்டு ஆய்வாளர்களும் இதையேதான் கணினியில் கணக்கிட்டார்கள். நைல் கழிமுகத்தில் முன்பு இருந்த, இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஓர் ஏரி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 12 மணி நேரம் காற்று வீசினால், நாலு மணி நேரத்துக்குத் தரை தெரியும். அந்த நாலு மணி நேரம், ஒரு ஜனம் துரத்தப்பட்டு வந்து கரையில் நின்ற ராத்திரியிலேயே வாய்த்ததே, அதைத்தான் நான் புதுமை என்கிறேன்.

ஆனால் இப்படிச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கன்னியாகுமரியில் கடல் உள்வாங்கிப் பாறைகள் வெளியே தெரிந்தன. பிறகு வந்த அலை கொளச்சலிலும் மணக்குடியிலும் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். "எங்களை ஆண்டவர் காப்பாத்தினார்" என்று ஒருவர் கோயிலில் சாட்சி சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் எனக்குப் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். சுமத்ரா பக்கம் கடலடியில் நிலத்தட்டு நகர்ந்ததால்தான் அலை வந்தது, உன் பாவத்தால் இல்லை என்று அவளுக்கு யாராவது பீடத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் அறிவியல் கோயிலுக்குள் வரணும் என்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் தேடி இழுக்கவும் வேண்டாம். கலிலேயா ஏரியில் இயேசு நடந்தது தண்ணீர் மேல் இல்லை, பனிக்கட்டி மேலாக இருக்கலாம் என்று 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. படகில் இருந்தவர்களில் பேதுருவும் யோவானும் அந்த ஏரியிலேயே வலை வீசிப் பிழைத்தவர்கள். பனிக்கட்டியையும் தண்ணீரையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்கா தெரியாது? இயேசு சாவிலிருந்து எழுந்த உயிர்ப்பை நான் எந்தக் கணக்கிலும் அடக்க மாட்டேன். அது என் விசுவாசம்.

அந்தத் தம்பியை ஞாயிறு பூசை முடிந்ததும் காயல் கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இப்போ கொண்டல் அடிக்கிற நேரம்தான்.